எலும்பு வைத்தியர் ஸ்டில் பெருமகனார்

சித்தூரிலிருந்து கங்காதர நெல்லூர் வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலை, கார்வேட்டிநகரத்தைக் கடந்து புத்தூரைச் சென்றடைகிறது. அச்சாலையின் பெருமையை இவ்வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மாமரத்திலிருந்து வீழ்ந்து கையை முறித்துக்கொண்ட சிறுவனும், கிணற்றடியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட மூதாட்டியும் தலைமுறை தலைமுறையாக அவ்வழியே கொண்டுசெல்லப்பட்டிருக்கின்றனர். பச்சிலையும், முட்டை வெண்கருவும், துணியும், மூங்கிற்பட்டையும் கொண்டு அவ்வூரின் ராஜு குடும்பத்தார் இட்டுவரும் கட்டு, தமிழ்நாட்டின் மூலை முடுக்குகளிலெல்லாம் புத்தூர்க் கட்டு என்று பலகை தொங்கும் அளவுக்குப் புகழ் பெற்றுவிட்டது. தெலுங்கு நாட்டில் குடியேறி வாழும் நமக்கு, நம் அண்டை ஊரின் பெயரைச் சென்னையிலும் மதுரையிலும் காணும்போது ஒரு தனி மகிழ்ச்சி உண்டாவது இயல்பே.

எனினும் எலும்பு முறிந்தவனின் துன்பம் ஒருவகை. எலும்பு முறியாதவனின் துன்பம் மற்றொரு வகை. எக்ஸ்ரே படத்தில் யாதொரு குறையும் தெரியாது. ஆனால் கழுத்து திரும்பாது, தோள் உயராது, குனிந்தவர் நிமிர இயலாது. நம் பாட்டிமார் இதனைப் பிடிப்பு என்றும், சுளுக்கு என்றும், உரம் என்றும் பெயரிட்டு, நல்லெண்ணெயைச் சூடாக்கி நீவிவிட்டனர். சித்த மருத்துவ நூலோர் இதனைத் தொக்கணம் என்று வழங்கித் தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பிரித்தனர். தொக்கணத்தைப் பற்றி யாதும் அறியாத ஒருவர், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், அமெரிக்க நாட்டின் புல்வெளிகளில் அலைந்து திரிந்து, பெருந்துயரம் ஒன்றின் வாயிலாக ஏறத்தாழ இதே வாசலுக்கு வந்து சேர்ந்தார். அவரே டாக்டர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில். ஆஸ்டியோபதி என்று உலகெங்கும் வழங்கும் கைம்முறை வைத்தியத்தின் தந்தை அவர்.

அன்னார் 1828-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள், வர்ஜீனியா மாகாணத்தின் லீ மாவட்டத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு சிறு வீட்டில் பிறந்தார். தந்தையார் ஆபிரகாம் ஸ்டில், மெதடிஸ்டு சபையின் ஊர்சுற்றும் உபதேசியார். குதிரையேறி ஊர் ஊராகச் சென்று காலையில் வேதம் போதிப்பதும், மாலையில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதுமாக இரு தொழில்களையும் ஒருங்கே நடத்தியவர். சபை மாற்றும் இடத்துக்கெல்லாம் குடும்பமும் மாறியது. முதலில் டென்னஸீ, பின்னர் 1837-இல் மிஸௌரி. மாற்றல் உத்தரவு வந்தவுடன் பெட்டி படுக்கைகளைக் கட்டும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகவே அச்சிறுவனின் பள்ளிப் படிப்பு எவ்வளவு சீராக நடந்திருக்கும் என்பதை நாமே ஊகித்துக் கொள்ளலாம். அவருக்கு உண்மையான பள்ளிக்கூடம் காடுதான். அணில், மான் முதலியவற்றை வேட்டையாடித் தோலை உரிக்கும்போது, தோலுக்கடியில் தசை எவ்வாறு அமைந்துள்ளது, தசையை எலும்போடு பிணைப்பது எது என்று கூர்ந்து நோக்கும் பழக்கம் அவரிடம் சிறுவயதிலேயே வேரூன்றிவிட்டது.

அவருடைய பத்தாம் வயதையொட்டி நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். அவருக்கு அடிக்கடி கடுமையான தலைவலி வரும். ஒரு நாள் வலி பொறுக்க மாட்டாமல், இரு மரங்களுக்கிடையே கட்டியிருந்த ஊஞ்சற் கயிற்றைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குத் தாழ்த்தி, அதன்மேல் போர்வையின் ஒரு முனையை இட்டு, கயிற்றையே தலையணையாகக் கொண்டு பின்கழுத்தை அதில் பதித்துப் படுத்தார். சிறிது நேரத்தில் உறங்கிவிட்டார். விழித்தெழுந்தபோது தலைவலியும் இல்லை, வயிற்றுக் குமட்டலும் இல்லை. அதன்பின் தலைவலி தலைகாட்டும் போதெல்லாம் அக்கயிற்றையே நாடினார். இருபது ஆண்டுக் காலம் அதனைக் கைக்கொண்டதாகவும் தெரிகிறது. காரணம் அப்போது அவருக்கு விளங்கவில்லை. மண்டையோட்டின் அடிப்புறமும் கழுத்தும் சேருமிடத்தில் சிறு தசைகள் பல உள்ளன. அவை இறுகினால் வலி பின்மண்டையில் தொடங்கி நெற்றி வரை பரவும். தலையின் பாரத்தினாலேயே அவ்விடத்தில் மெல்லிய அழுத்தம் தொடர்ந்து கிடைத்தபோது இறுக்கம் தளர்ந்தது. இன்றும் இத்துறை வைத்தியர்கள் நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, தம் விரல் நுனிகளை அதே இடத்தில் தாங்கலாகக் கொடுத்துச் சில நிமிடங்கள் அசையாது காத்திருக்கின்றனர். கயிறு செய்த வேலையை விரல்கள் செய்கின்றன, அவ்வளவே. நாள் முழுவதும் பேரேட்டின்மேல் குனிந்திருந்து மாலையில் பின்மண்டையைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் நம் போன்ற குமாஸ்தாக்களுக்கு இந்நிகழ்ச்சி எளிதில் மறக்கக் கூடியதன்று.

1849-இல் மேரி வான் என்னும் நங்கையை மணந்து உழவுத் தொழிலில் இறங்கினார் ஸ்டில். அறுபது ஏக்கரில் மக்காச்சோளம் பயிரிட்டார். கல்மழை பெய்து ஒரு கதிர்கூட மிஞ்சாமல் அழித்துவிட்டது. 1853-இல் தம்பதியர் கான்ஸஸ் பிரதேசத்துக்குச் சென்றனர். அங்கே ஷானி என்னும் செவ்விந்தியக் குடியினர்க்காக ஏற்பட்டிருந்த சமய நிலையத்தில் மேரி அம்மையார் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்; ஸ்டில் தந்தையாருடன் சேர்ந்து வைத்தியம் கற்றார். அக்காலத்து எல்லைப்புற அமெரிக்காவில் வைத்தியனாவதற்குக் கல்லூரிப் பட்டம் கட்டாயமில்லை. ஒரு வைத்தியருக்குத் துணையாக இருந்து பழகினால் போதும். ஆனால் அவருக்கு அது போதவில்லை. உடற்கூற்றைக் கண்ணால் கண்டறிய விழைந்து, செவ்விந்தியர்களின் புதைகுழிகளைத் தோண்டி உடல்களை எடுத்து அறுத்துப் பார்த்தார். இதனை அவரே தம் சுயசரிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். புதைக்கப்பட்டவர்களின் உற்றார் உறவினர் என்ன நினைத்திருப்பர் என்ற எண்ணம் அவருக்கு எழுந்ததாகத் தெரியவில்லை. பெரியோர் வரலாற்றை எழுதும்போது இத்தகைய பக்கங்களை ஒட்டிவிடுவது நம்மிடையே வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அதே மனிதர் கறுப்பு மக்களின் அடிமைத்தனத்தை உறுதியாக எதிர்த்தவர் என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். அந்நாளில் கான்ஸஸ், அடிமை மாகாணமாவதா, சுதந்தர மாகாணமாவதா என்று இரத்தம் சிந்திப் போராடிக் கொண்டிருந்தது. ஸ்டில் சுதந்தரக் கட்சியின் சார்பில் 1857-இல் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பால்ட்வின் நகரில் பேக்கர் பல்கலைக்கழகம் எழுந்தபோது அவரும் சகோதரர்களும் நிலம் அளித்து, மரம் அறுக்கும் ஆலையை நடத்திக் கட்டடத்துக்கு வேண்டிய பலகைகளையும் அறுத்துக் கொடுத்தனர். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன், பின்னால் தேவைப்படும்.

1859-இல் மேரி அம்மையார் காலமானார். மறு ஆண்டு மேரி எல்விரா டர்னர் என்பவரை ஸ்டில் மறுமணம் செய்துகொண்டார். 1861-இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் வட மாகாணங்களின் படையில் சேர்ந்து, குதிரைப் படையொன்றில் மருத்துவமனைப் பணியாளராகவும், பின்னர்க் கான்ஸஸ் மக்கட்படையில் மேஜராகவும் பணியாற்றி, 1864 அக்டோபரில் நிகழ்ந்த வெஸ்ட்போர்ட் சண்டையிலும் கலந்துகொண்டார்.

போர்க்களம் அவரை ஒன்றும் செய்யவில்லை. வீட்டில் நேர்ந்ததுதான் அவரை மாற்றியது. அதே 1864-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரத்தில் மூளையுறைக் காய்ச்சல் பரவியது. நல்ல வைத்தியர்கள் வந்தனர். உபதேசியார்களும் வந்து ஜபித்தனர். அக்கால முறைப்படி கொடுக்கத்தக்க மருந்துகள் யாவும் கொடுக்கப்பட்டன. ஸ்டிலின் சொந்தக் குழந்தைகள் இருவரும், அவர்கள் எடுத்து வளர்த்த குழந்தை ஒன்றுமாக மூவர் இறந்தனர். அதனையடுத்து மற்றொரு சிறு பெண்குழந்தையும் நுரையீரல் அழற்சியால் மடிந்தது. வீட்டிலோ ஒரு வைத்தியர். அவருடைய தந்தையும் வைத்தியர். பெட்டி நிறைய மருந்து இருந்தது. ஒரு குழந்தைகூடப் பிழைக்கவில்லை.

அம்மருந்துகள் எவை என்று தெரிந்தால்தான் அத்தந்தையின் கோபம் நமக்குப் புரியும். பாதரசம் கலந்த காலமல் என்னும் பேதி மருந்து, அபின், சாராயம், இரத்தம் வடித்தல், கொப்புளம் எழுப்பும் பற்று: இவையே அக்காலத்தின் பெரும் ஆயுதங்கள். காலமல் உண்டவர்க்கு ஈறு வெந்து பற்கள் உதிரும். நோய்க்கிருமிகளைப் பற்றிய தெளிவு அப்போது பிறக்கவே இல்லை. மூளையுறைக் காய்ச்சலைத் தடுக்கும் ஊசியோ, முறிக்கும் மருந்தோ இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆகவே குழந்தைகளின் இறப்புக்கு அவ்வைத்தியர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் ஸ்டில் அந்த வைத்தியத்தையே குற்றம் சாட்டினார். கடவுள் மனித உடலைப் படைத்தபோது அதனைப் பழுது பார்க்கும் வழியையும் அதனுள்ளேயே வைத்திருக்க வேண்டும், அதனை அறியாமல் வெளியிலிருந்து நஞ்சைப் புகட்டுகிறோம் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பத்தாண்டுக் காலம் எலும்புகளோடும் சிந்தனையோடும் தனித்துக் கழித்தார். 1874-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 22-ஆம் நாளைத் தம் புதிய கொள்கை பிறந்த நாளாக அவர் குறித்துக் கொண்டார்.

கொள்கை எளிமையானது. உடல் ஓர் இயந்திரம். இரத்தம் தடையின்றி ஓடி, நரம்பு தடையின்றி இயங்கினால் உடல் தானே நலம் பெறும். எலும்பு சற்றே இடம் பிசகுவதாலும், தசையும் அதனைச் சூழ்ந்த சவ்வும் இறுகுவதாலும் அவ்வோட்டம் தடைப்படுகிறது. வைத்தியனின் வேலை, தடையைக் கையால் கண்டுபிடித்து, கையாலேயே நீக்கிவிட்டு, அப்பால் ஒதுங்கி நிற்பது.

இக்கொள்கையை எடுத்துரைப்பதற்குப் பேக்கர் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கேட்டார். தாம் நிலம் அளித்து, பலகை அறுத்துக் கொடுத்த அதே கலாசாலைதான். இடம் மறுக்கப்பட்டது. கையை வைத்து நோய் தீர்ப்பது கர்த்தருக்கு மட்டுமே உரியது என்றும், இவன் செய்வது சாத்தானின் வேலை என்றும் சபையாரும் பேசத் தலைப்பட்டனர். மனம் கசந்து கான்ஸஸை விட்டு, தம் சகோதரர் வாழ்ந்த மிஸௌரியின் மேக்கன் நகருக்கு வந்தார்.

மேக்கனில் நிகழ்ந்தது ஒன்று. 1874-இன் இலையுதிர் காலத்தில் ஊரெங்கும் சீதபேதி. தெருவில் ஓர் ஏழைத் தாய் தன் குழந்தைகளுடன் நடந்து செல்ல, அவர்கள் சென்ற வழியெல்லாம் இரத்தத் துளிகள் சிந்திக் கிடந்ததை ஸ்டில் கண்டார். நான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நோய் முற்றியிருந்தது. அவனைத் தூக்கிக்கொண்டு முதுகில் கையை வைத்தார். இடுப்பின் பின்புறம் அனலாகக் கொதித்தது, வயிறோ சில்லிட்டிருந்தது. ஒரே உடலில் ஒரு பக்கம் வெப்பமும் மறுபக்கம் குளிர்ச்சியுமா என்று வியந்து, நடந்துகொண்டே முதுகெலும்பின் இருபுறத் தசைகளையும் மேலிருந்து கீழாக அழுத்தியும் நீவியும் விட்டார். மறுநாள் காலையில் தாய் வந்து குழந்தை தேறிவிட்டான் என்று தெரிவித்தாள். தொடர்ந்து பதினேழு சீதபேதி நோயாளிகளை அவ்வாறே குணப்படுத்தியதாக ஸ்டில் எழுதியிருக்கிறார்.

இதனை வாசிக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சீதபேதி பெரும்பாலும் சில நாட்களில் தானே அடங்கக் கூடியது. எனவே அப்பதினேழு பேரும் கையினால்தான் பிழைத்தனர் என்று துணிய இயலாது. இக்காலத்தில் குழந்தைக்கு இரத்தம் கலந்து வயிறு போனால், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் புகட்டிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும், முதுகை நீவிக்கொண்டிருக்கலாகாது. ஸ்டிலின் பெருமை அந்நிகழ்ச்சியின் முடிவில் இல்லை என்பது என் எண்ணம். உடலின் ஒரு பகுதி வெம்மையாகவும் மறு பகுதி தண்மையாகவும் இருப்பதை, ஒரு பகுதி இறுகியும் மற்றொரு பகுதி நெகிழ்ந்தும் இருப்பதைத் தொட்டு அறிந்தாரே, அதில்தான் இருக்கிறது. அக்காலத்து வைத்தியர்கள் நாடி பார்த்தனர், நாக்கைப் பார்த்தனர். முதுகைத் தொட்டுப் பார்த்தவர்கள் சிலரே.

1875-இல் அதே மாகாணத்தின் கிர்க்ஸ்வில் நகரில் குடியேறினார். தொடக்கத்தில் பட்டினிதான். காந்த வைத்தியர் என்றும், மின்னல் வேக எலும்பு வைத்தியர் என்றும் தாமே விளம்பரம் செய்துகொண்டு, எலும்புகள் நிறைந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பூட்சுக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தார். பித்தர் என்று சிலர் நகைத்தனர். ஆயினும் கழுத்து திரும்பாதவர் திரும்பினார். ஊன்றுகோலுடன் வந்தவர் அதனை விட்டுச் சென்றார். செய்தி பரவியது.

செய்தியைப் பரப்பியதில் ரயிலுக்குப் பெரும் பங்குண்டு என்பதைச் சொல்லாமல் விட என் தொழில் இடம் தரவில்லை. வாபாஷ் ரயில் பாதை கிர்க்ஸ்வில் வழியாகச் சென்றது. 1890-களில் பல மாகாணங்களிலிருந்தும் வலியோடு வந்திறங்கிய கூட்டத்தினால் அச்சிறு நகரில் தங்கும் விடுதிகள் பெருகின. தண்டவாளம் மட்டும் அவ்வூரைத் தொட்டிராவிட்டால் ஸ்டில் ஒரு கிராமத்து வைத்தியராகவே மறைந்திருப்பார். நம் புத்தூரும் அரக்கோணம், ரேணிகுண்டா மார்க்கத்தில் ஒரு ஸ்டேஷனாக அமைந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன்.

தனி ஒருவர் கையால் அத்தனை பேரையும் தொட இயலாது. 1892-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் அமெரிக்க ஆஸ்டியோபதிப் பள்ளிக்கு அரசாங்கப் பதிவு கிடைத்தது. ஆண்டு இறுதிக்குள் இரண்டு அறைகள் கொண்ட ஒரு மரவீட்டில் வகுப்புகள் தொடங்கின. எடின்பரோவில் படித்துப் பட்டம் பெற்ற வில்லியம் ஸ்மித் என்னும் வைத்தியர் உடற்கூறு கற்பித்தார். அதற்கு ஈடாக ஸ்டிலிடம் கைம்முறை கற்றார். முதல் வகுப்பில் இருபது பேருக்குச் சற்று மேல். அவருள் ஸ்டிலின் மக்களும் இருந்தனர், பெண்களும் இருந்தனர். அமெரிக்காவின் மருத்துவக் கல்லூரிகள் பல பெண்களுக்குக் கதவை அடைத்திருந்த காலத்தில், முதல் நாளிலேயே அவர்களைச் சமமாக உட்காரவைத்தவர் ஸ்டில். எம்.டி. பட்டம் வழங்கவும் அவருக்கு உரிமை இருந்தது; மறுத்து, தம் மாணவர்களுக்கு டி.ஓ. என்ற தனிப் பட்டத்தையே அளித்தார். 1896-இல் வெர்மாண்ட் மாகாணமும் 1897-இல் மிஸௌரி மாகாணமும் இவ்வைத்தியத்துக்குச் சட்ட அங்கீகாரம் தந்தன.

1899-இல் அவர் வெளியிட்ட ஆஸ்டியோபதித் தத்துவம் என்னும் நூலில் சவ்வைப் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. இறைச்சிக் கடையில் ஆட்டுத் தொடையை அறுக்கும்போது தசையின்மேல் வெண்மையாய், மெல்லியதாய், கத்திக்கு எளிதில் பிடிபடாமல் ஓர் உறை இருப்பதைக் காண்கிறோமல்லவா, அதுவே சவ்வு. புலால் உண்ணாதவர்கள் சாத்துக்குடிச் சுளையை நினைத்துக்கொள்ளலாம். சுளை ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. சுளைக்குள் இருக்கும் முத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உறை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் வெள்ளை நார் ஒன்று. நம் உடலிலும் தசைநார் ஒவ்வொன்றையும், தசைக் கட்டு ஒவ்வொன்றையும், உறுப்பு ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு உச்சி முதல் உள்ளங்கால் வரை தொடர்ச்சியாக அச்சவ்வு செல்கிறது. பிற வைத்தியர்கள் அறுவையின்போது இதனைக் கிழித்து ஒதுக்கிவிட்டு உள்ளே சென்றனர். ஸ்டிலோ நோயின் காரணத்தைத் தேடத் தொடங்க வேண்டிய இடமே இதுதான் என்று கருதினார். ஓரிடத்தில் இழுத்தால் மற்றோரிடத்தில் சுருங்கும் துணியைப் போல், இடுப்பில் ஏற்பட்ட இறுக்கம் தோளில் வலியாகத் தோன்றலாம் என்னும் கருத்து அதிலிருந்து வளர்ந்தது.

அவர் மாணவர் வழிவந்தவர்கள் இதனைப் படிப்படியாகச் செம்மைப்படுத்தினர். மென்திசு முறை என்பது தசையை நாரின் குறுக்கே இழுத்தல், நீளவாட்டில் நீட்டுதல், ஆழ்ந்து அழுத்தி நிறுத்துதல் என்பன. இவை நம் தொக்கணத்துக்கு மிக நெருங்கிய உறவு. மற்றொன்று, 1981-இல் மிச்சிகன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு வகுப்பின் வாயிலாகத் தசைச்சவ்வுத் தளர்வு என்று பெயர் பெற்ற முறை. இதில் எண்ணெய் இல்லை, தேய்த்தல் இல்லை. வைத்தியர் கையைப் பதித்துத் தோலை மெல்ல நகர்த்தி, எத்திசையில் எளிதாக நகர்கிறது, எத்திசையில் தடுக்கிறது என்று பார்ப்பார். தடுக்கும் திசையிலேயே மெல்லச் சாய்ந்து காத்திருப்பது ஒரு வழி. எளிதாகச் செல்லும் திசையில் கொண்டுபோய்விட்டுக் காத்திருப்பது மறு வழி. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், சில வேளை ஐந்து நிமிடம். பிறகு கையின் கீழ் வெண்ணெய் இளகுவதுபோல் ஓர் இளக்கம் தோன்றும் என்பர். பார்ப்பவருக்கு வைத்தியர் ஒன்றும் செய்யாமல் இருப்பதாகவே படும்.

உண்மையில் இளகுவது எது என்பதில் இன்னும் வழக்கு முடியவில்லை. 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, தொடையின் புறச்சவ்வு, உள்ளங்காற் சவ்வு போன்ற தடித்த சவ்வுகளைச் சிறிதளவு நீட்டவும் மனிதக் கையால் தர இயலாத விசை வேண்டும் என்று கணக்கிட்டுக் காட்டியது. ஆகவே சவ்வு நீள்கிறது என்பதைவிட, சவ்வில் உள்ள நரம்பு முனைகள் தொடுதலை உணர்ந்து தசையைத் தளரச் சொல்கின்றன என்று கருதுவோர் இப்போது பெருகியுள்ளனர். நாட்பட்ட இடுப்பு வலிக்குக் கைம்முறைச் சிகிச்சை ஓரளவு பயன் தருகிறது என்பதை மட்டும் நவீன மருத்துவமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

சவ்வு நீளாது என்னும் இந்த உண்மை, புத்தூர்ச் சாலையோரம் வாழும் நமக்கு வேறொரு வகையில் மிக முக்கியமானது. முழங்காலுக்குக் கீழும் முன்கையிலும் தசைகள் சவ்வுப் பைகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. எலும்பு முறிந்து உள்ளே வீக்கம் ஏறும்போது அப்பை விரிந்து கொடுக்காது. வெளியே கட்டும் இறுக்கமாக இருந்துவிட்டால், அது மூங்கிற் கட்டாயினும், ஆஸ்பத்திரி மாவுக் கட்டாயினும், உள்ளே இரத்த ஓட்டம் நின்று சில மணி நேரத்தில் தசை மடியத் தொடங்கும். கட்டிய பிறகு வலி குறையாமல் ஏறிக்கொண்டே போவதும், விரலைப் பிறர் நீட்டினால் தாங்க முடியாமல் வலிப்பதும், விரல்கள் வெளுப்பதும், மரத்துப் போவதும் அதன் அடையாளங்கள். அப்போது நள்ளிரவானாலும் கட்டைத் தளர்த்தி, அறுவை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவர் சவ்வைக் கீறிவிட்டுத்தான் காலைக் காப்பாற்றுவார். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கலாகாது.

ஸ்டிலின் பிழைகளையும் கூறியாக வேண்டும். கையினால் தீராத நோயே இல்லை என்னும் அளவுக்கு அவர் சென்றுவிட்டார். தொண்டை அடைப்பான், நச்சுக் காய்ச்சல், நுரையீரல் அழற்சி முதலிய கிருமி நோய்களுக்கும் முதுகெலும்பிலேயே காரணம் தேடினார். அம்மை குத்துதலை அவர் ஏற்கவில்லை. அம்மை குத்தியதனாலேயே பெரியம்மை உலகை விட்டு ஒழிந்ததாக 1980-இல் அறிவிக்கப்பட்டதை நாம் அறிவோம். காலமலையும் அபினையும் வெறுத்தது சரி. அவ்வெறுப்பை மருந்து என்ற சொல்லின் மேலேயே ஏற்றிவிட்டார். நான்கு சிறு சவக்குழிகளைத் தோண்டிய ஒருவரிடம் அளவான கோபத்தை எதிர்பார்ப்பது எளிதன்றுதான்.

1910-இல் எல்விரா அம்மையார் காலமானார். 1917 டிசம்பர் 12-ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், கிர்க்ஸ்வில் நகரில் ஸ்டில் பெருமகனார் உயிர் நீத்தார். அதே ஆண்டில் அவர் மாணவரான ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் லண்டனில் பிரிட்டிஷ் ஆஸ்டியோபதிப் பள்ளியைத் தொடங்கினார். அமெரிக்காவில் அவர் வழிவந்தோர் காலப்போக்கில் மருந்தையும் அறுவையையும் முழுமையாக ஏற்றுக்கொண்டனர். 1962-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ இரண்டாயிரம் டி.ஓ. வைத்தியர்கள் ஆளுக்கு 65 டாலர் கட்டி எம்.டி. பட்டமாக மாற்றிக்கொண்ட வேடிக்கையும் நடந்தது. 1973-இல் மிஸிஸிப்பியும் இசைந்தபோது, ஐம்பது மாகாணங்களிலும் டி.ஓ. பட்டதாரிகள் முழு மருத்துவர்களாக அங்கீகாரம் பெற்றனர். ஐரோப்பாவிலோ அவர்கள் கைம்முறையோடு நின்றனர். 2010-இல் உலகச் சுகாதார நிறுவனம் இத்துறைக்கான பயிற்சி அளவுகோல்களை வகுத்து வெளியிட்டது.

கிர்க்ஸ்வில் பள்ளி இன்று அவர் பெயராலேயே பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அவர் பிறந்த மரக்கட்டை வீட்டை வர்ஜீனியாவிலிருந்து பெயர்த்து எடுத்துவந்து அங்கே காட்சிக்கு வைத்திருக்கின்றனர். நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்கிய வாபாஷ் பயணி வண்டிகள் எப்போதோ நின்றுவிட்டன. இப்போது அவ்வூருக்குச் செல்ல விரும்புவோர், தெற்கே சுமார் பன்னிரண்டு மைல் தொலைவிலுள்ள லா பிளாட்டா ஸ்டேஷனில் இறங்கி, சாலை வழியே செல்ல வேண்டும்.